சேலைக்கு மேல் ஒரு சட்டை: நம் அளவுக்கு நாமே தைப்போம்

விடிந்தும் விடியாததுமாகச் செம்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் காட்டு வேலைக்குப் புறப்படும் பெண்களைப் பார்த்தால், பலர் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். அது கணவர் போட்டுக் கழித்ததாக இருக்கும். மகன் பள்ளியை முடித்ததும் ஒதுக்கியதாக இருக்கும். காலர் நைந்து, இரண்டு பட்டன் போய், முழங்கையில் ஒட்டுப்போட்டிருக்கும். நூறு நாள் வேலையிலும் இதே சட்டைதான், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும்போதும் இதே சட்டைதான்.

இதை வேடிக்கையாகப் பார்ப்பவர்கள் உண்டு. நம்மில் படித்த பிள்ளைகள் சிலருக்கு, அம்மா அந்தச் சட்டையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டால் கூச்சமாகவும் இருக்கும். உண்மையில் அது ஒரு வேலை உடை. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு நிறுவனம் உடை கொடுக்கிறது. காவலருக்கு அரசு கொடுக்கிறது. பேருந்து நடத்துநருக்குக் காக்கி உண்டு. காட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இன்ன உடை வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர்களே யோசித்து, கையில் கிடைத்ததை வைத்து உண்டாக்கிக்கொண்ட உடை இது.

அதன் பயனை வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும். வெண்டைக்காய் பறித்தால் சுணை பட்டுக் கை அரிக்கும். மக்காச்சோளத் தோகையும் கரும்புச் சோகையும் தோலைக் கீறும். ரோஜாத் தோட்டத்தில் முள். வரப்பில் பார்த்தீனியம் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துப்போகும். அதிகாலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில். குனிந்து நிமிரும்போது முந்தானை சரியாமல் இருக்க வேண்டும். அலைபேசியும் பேருந்துக் காசும் வைக்க ஓர் இடம் வேண்டும். இத்தனைக்கும் ஒரு சட்டை பதில் சொல்கிறது.

ஆனால் அது அவர்கள் அளவுக்குத் தைத்த சட்டை அல்ல. தோள் தொங்கும், மார்பில் இறுக்கும், கை நீண்டு மடித்துவிட வேண்டியிருக்கும். இடுப்பில் சேலைக் கொசுவத்தின் மேல் பட்டன் பூட்டாது. பெரும்பாலான பழைய சட்டைகள் பாலியெஸ்டர் கலந்தவை என்பதால் வியர்வை உள்ளேயே நிற்கும். எனவே இந்தச் சட்டையை நம் பெண்களின் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்றபடி வீட்டிலேயே தைத்துக்கொள்வது எப்படி என்று இன்று பார்ப்போம். அதற்கு முன், மேலே ஒரு துணி போடுவதற்கு இந்த மண்ணில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

மேல்துணிக்கு விதித்த தடை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் இடுப்புக்கு மேல் துணி போடக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தொடங்கியபோது சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். 1814-ல் வந்த அரசு உத்தரவு, குப்பாயம் என்ற தளர்ந்த மேல்சட்டையை மட்டும் அவர்களுக்கு அனுமதித்தது. உயர்சாதிப் பெண்கள் போடும் தோள்சீலை கூடாது என்றது. 1822 முதல் 1829 வரையிலும், மறுபடி 1858, 1859-லும் மோதல் வெடித்தது. கடைசியில் 1859 ஜூலை 26 அன்று அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடார் பெண்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். உரிமையைக் கொடுக்கும்போதும் உடையில் சாதிக் கோட்டை அழிக்க மனம் வரவில்லை.

அந்தக் குப்பாயத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். பெரிய வேலைப்பாடு எதுவும் இல்லாத எளிய தையல் அது. மிஷன் பள்ளிகளில் சிறுமிகளுக்கு எழுத்தோடு ஊசி நூலும் கற்றுக்கொடுத்தார்கள். உரிமை கேட்ட பெண்கள் வெறும் கையோடு கேட்கவில்லை, தைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

அந்த அறிவிப்பின் பயன் தலித் பெண்களை வந்து சேரவில்லை. 1915-ல் அய்யன்காளியின் தலைமையில் புலையர் பெண்கள் தங்கள்மீது சுமத்தப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்து மேலாடை போடத் துணிந்தார்கள். கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் தொடங்கிய அந்தப் போராட்டத்தில் குடிசைகள் எரிந்தன. கேரள வரலாறு அதைக் கல்மாலைப் போராட்டம் என்று குறிக்கிறது.

இதெல்லாம் எங்கோ திருவிதாங்கூரில் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தம் நூலில் அந்தத் தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. தங்க, வெள்ளி நகை கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளும் தானியமும் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன.

அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க மட்டும் போக வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டையைத் தடுத்தவர்களும் பள்ளிக்கூடத்தைத் தடுத்தவர்களும் ஒரே ஆட்கள்தான். உடம்பை மூடுவதும் எழுத்துப் படிப்பதும் தலைநிமிர வைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அம்பேத்கருக்கும் அது தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதி அடையாளமாக உடலில் சுமத்தப்பட்ட கனமான உலோக நகைகளையும் முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டும் புடவைக்கட்டையும் விட்டுவிடச் சொன்னார். உடை சுத்தமாக இருக்கட்டும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்பது அவர் கருத்து. மறுநாளே பெண்கள் புடவைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள்.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் திருத்தம் வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ சைக்கிள், மோட்டார் சைக்கிளில் செல்வதையோ தடுப்பது அதன்படி தண்டனைக்குரிய குற்றம். புத்தாடை என்ற சொல்லையே சட்டத்தில் எழுத வேண்டிய தேவை 2015-லும் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே, சேலைக்கு மேல் போடும் சட்டை நமக்குச் சின்ன விஷயம் அல்ல. ஒரு காலத்தில் தடுக்கப்பட்ட துணி அது. பிறகு பண்ணை வீட்டில் கழித்ததை வாங்கிப் போட்ட காலமும் இருந்தது. இனி அது நம் அளவுக்கு, நம் கையால் தைத்ததாக இருக்கட்டும்.

எந்தத் துணி, எவ்வளவு?

பருத்தித் துணி மட்டும் எடுங்கள். பாப்ளின் நல்லது. காடாத் துணி விலை குறைவு, உழைக்கும், நாலு முறை துவைத்தால் மெதுவாகிவிடும். மல் துணி முள்ளுக்குத் தாங்காது. வெளிர் நிறம் வெயிலை அதிகம் இழுக்காது. அழுக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் வெளிர் சாம்பல், இளம்பச்சை, மண் நிறம் எடுக்கலாம். கருநீலமும் கறுப்பும் வெயில் வேலைக்கு வேண்டாம்.

44 அங்குல அகலமுள்ள துணியில் 2 மீட்டர் போதும். வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருந்தால் அதுவே ஆகும். நான்கு முழ வேட்டியில் நெருக்கி வெட்டினால் ஒரு சட்டை வரும். நைந்த இடத்தைக் கைக்கும் தோளுக்கும் வராமல் பார்த்து வெட்ட வேண்டும். புதுத் துணியாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கிவிடும்.

நூலும் தரமானதாக இருக்கட்டும். துணிக் கடையில் மிச்சம் பிடித்து நூல் கடையில் மலிவு பார்த்தால் முதலில் பிரிவது தையல்தான்.

அளவும் வெட்டும்

இது வளைந்த கைக்குழி இல்லாத நேர்வெட்டுச் சட்டை. தையல் பழகாதவரும் வெட்டலாம். சேலை கட்டிய பிறகு, முந்தானையோடு சேர்த்து மார்பைச் சுற்றி அளவெடுங்கள். அது 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். குனிந்து நிமிர 10 அங்குலம் தளர்வு சேர்த்தால் சட்டையின் சுற்றளவு 46. கீழே உள்ள அளவுகளில் தையலுக்கு விடும் அரை அங்குலமும் மடிப்பும் சேர்ந்திருக்கின்றன.

முதுகு: 24 அங்குல அகலம், 32 அங்குல நீளம், ஒரு துண்டு.
முன்பக்கம்: 14 அங்குல அகலம், 32 அங்குல நீளம், இரண்டு துண்டு.
கை: மேலே 17 அங்குல அகலம், மணிக்கட்டில் 13, நீளம் 20, இரண்டு துண்டு.
கக்கத்துச் சதுரம்: 5க்கு 5 அங்குலம், இரண்டு துண்டு.
கழுத்துப் பட்டி: 5 அங்குல அகலம், 22 அங்குல நீளம், ஒரு துண்டு.
வெளிப்பை: 7க்கு 9 அங்குலம், இரண்டு துண்டு. உள்பை: 6க்கு 8 அங்குலம், ஒரு துண்டு.

துணியை விரித்து, முதல் 32 அங்குல நீளத்தில் முதுகையும் ஒரு முன்பக்கத்தையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஓரத்தில் மிஞ்சும் 6 அங்குலப் பட்டையில் கழுத்துப் பட்டியும் இரண்டு சதுரமும் வந்துவிடும். அடுத்த 40 அங்குல நீளத்தில் இரண்டாவது முன்பக்கம், அதன் பக்கத்தில் கைகள் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக. மீதியில் பைகள். எல்லாத் துண்டின் நீளமும் துணியின் நீளவாக்கில் ஓடட்டும்.

மார்பளவு 2 அங்குலம் கூடினால் முதுகுக்கு 1 அங்குலமும், முன்பக்கம் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலமும் கூட்டுங்கள். 40-க்கு மேல் போனால் இரண்டேகால் மீட்டர் துணி எடுங்கள். உயரமானவர்கள் சட்டையின் நீளத்தையும் கையின் நீளத்தையும் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

கழுத்து வெட்ட, முதுகுத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் ஓரத்தில் மடிப்பிலிருந்து மூன்றரை அங்குலத்தில் ஒரு புள்ளி, மடிப்பின்மேல் ஓர் அங்குலம் கீழே ஒரு புள்ளி. இரண்டையும் வளைவாகச் சேர்த்து வெட்டுங்கள். மூன்றரை அங்குலப் புள்ளியிலிருந்து தோளின் வெளி ஓரத்துக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். முன்பக்கக் கழுத்தைப் பட்டன் பட்டி மடித்த பிறகே வெட்ட வேண்டும்.

தைக்கும் வரிசை

முதலில் பட்டன் பட்டி. முன்பக்கத் துண்டின் உள் ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து, மறுபடி ஓர் அங்குலம் மடித்து அடியுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. மடிப்பு ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டால் அதுதான் நெஞ்சின் நடுக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் மூன்றரை, கீழே மூன்றரை அளந்து முன்கழுத்தை வளைவாக வெட்டுங்கள். தோள் சரிவு முதுகுக்குக் கொடுத்ததுபோலவே.

இரண்டாவது பைகள். துணி தட்டையாக இருக்கும்போதே பை தைத்துவிட வேண்டும். வெளிப்பையை இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வையுங்கள். வாய் ஓரத்தை ஓர் அங்குலம் மடித்து அடித்து, மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலம் மடித்துத் தையுங்கள். வாயின் இரண்டு மூலைகளிலும் மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பை கிழிவது எப்போதும் அந்த மூலையில்தான். உள்பை இடது நெஞ்சின் உட்பக்கம் வரும். அதன் வாயில் ஒரு பட்டன் வைத்தால் குனிந்தாலும் காசு விழாது.

இந்த உள்பையை விட்டுவிடாதீர்கள். ரவிக்கைக்குப் பை வைத்துத் தைப்பதில்லை. முந்தானை முடிச்சிலும் இடுப்புச் சொருகலிலும் காசு வைத்துப் பழகிய பெண்களுக்குத் தங்கள் கூலியைத் தாங்களே வைத்துக்கொள்ள ஒரு பை வேண்டும்.

மூன்றாவது தோள் தையல். முன்பக்கங்களை முதுகோடு நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். பிறகு ஓரத்தில் இருக்கும் இரண்டு துணியில் ஒன்றைப் பாதியாக வெட்டி, மற்றதை அதன்மேல் மடித்துப் பரப்பி இன்னொரு தையல் அடியுங்கள். இந்த இரட்டைத் தையல் பிசிறு விடாது, உடம்பை உறுத்தாது, இழுத்தால் பிரியாது.

நான்காவது கழுத்துப் பட்டி. தைத்த கழுத்தை டேப்பால் சுற்றி அளந்து, ஓர் அங்குலம் கூட்டிப் பட்டியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். பட்டியை நீளவாக்கில் மடித்து இரு முனையையும் மூடித் திருப்புங்கள். ஒரு ஓரத்தைக் கழுத்தோடு தைத்து, மற்ற ஓரத்தை உள்ளே மடித்து அதன்மேல் அடியுங்கள். இரண்டு அங்குல உயரத்தில் நிற்கும் இந்தப் பட்டி, குனிந்து களை எடுக்கும்போது பிடரியில் வெயில் படாமல் காக்கும்.

ஐந்தாவது கை. கையின் மேல் ஓரத்தின் நடுவைத் தோள் தையலின்மேல் வைத்து, உடல் துணியோடு நேராகத் தையுங்கள். சட்டை இன்னும் விரித்த நிலையிலேயே இருக்கும். கைக்குழி வளைவு இல்லாததால் சுருக்கம் விழாது.

ஆறாவது கக்கத்துச் சதுரம். ஜிப்பாவில் கக்கத்தில் வைக்கும் அதே சதுரம்தான். சதுரத்துக்கு நான்கு பக்கம். ஒன்று முன் உடலோடும், ஒன்று பின் உடலோடும், மற்ற இரண்டு கையின் முன், பின் ஓரங்களோடும் சேரும். உடலும் கையும் சேரும் முனையில் சதுரத்தின் ஒரு மூலையை வைத்துத் தொடங்குங்கள். எதிர் மூலை பின்பக்கத்து முனையில் வந்து நிற்கும். மீதி இரண்டு மூலைகளில் ஒன்று மணிக்கட்டைப் பார்க்கும், ஒன்று இடுப்பைப் பார்க்கும். முதல் தடவை ஊசியால் ஓட்டித் தைத்துப் பார்த்துவிட்டு மெஷினில் அடித்தால் தவறாது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பூப்பறிக்கும்போதும் மண்கூடை தூக்கும்போதும் சட்டை இழுக்காமல் இருப்பது இந்தச் சதுரத்தால்தான். ஆண் சட்டை முதலில் கக்கத்தில் கிழிவதற்குக் காரணம் அங்கே இந்தத் தளர்வு இல்லாததே.

ஏழாவது பக்கத் தையல். மணிக்கட்டிலிருந்து சதுரம் வரை, சதுரத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை தைத்து, அடியில் 7 அங்குலம் திறந்துவிடுங்கள். உட்காரவும் வரப்பு தாண்டவும் இந்தத் திறப்பு வேண்டும். பிறகு அடி ஓரத்தையும் கை ஓரத்தையும் அரை அங்குலம் ஒரு மடிப்பு, ஓர் அங்குலம் இன்னொரு மடிப்பாக அடித்து முடியுங்கள். கை மடிப்புக்குள் எலாஸ்டிக் கோத்தால் மணிக்கட்டில் பிடித்து நிற்கும், பூச்சி உள்ளே போகாது.

கடைசியாகக் காஜாவும் பட்டனும். ஐந்து போதும். காஜா எடுக்கத் தெரியாதவர்கள் பிரஸ் பட்டன் வைக்கலாம். சட்டை முன்பக்கம் திறப்பதாகத்தான் இருக்க வேண்டும். குளவி புகுந்தாலோ மருந்து சிந்தினாலோ சட்டென்று கழற்ற வேண்டும். தலைவழியாகக் கழற்றும் உடை அதற்கு உதவாது.

மெஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். தோள், கை, கக்கம் மூன்றுக்கும் கெட்டித் தையல் போடுங்கள். அதாவது ஊசியை ஒரு குத்து முன்னே எடுத்து, அரைக் குத்துப் பின்னே வந்து மறுபடி முன்னே எடுக்க வேண்டும். மற்ற இடங்களில் நெருக்கமான ஓட்டுத் தையல் போதும்.

போடும்போதும் துவைக்கும்போதும்

முந்தானையைச் சட்டைக்குள் விட்டு இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் வெட்டும் மெஷின், மோட்டார் பெல்ட் அருகே தொங்கும் துணி உயிருக்கு ஆபத்து. சட்டையின் பட்டன் எல்லாம் பூட்டி, கை ஓரம் பிடித்து இருந்தால்தான் அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

பூச்சிமருந்து விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சட்டை மருந்து தெளிக்கப் போடும் பாதுகாப்பு உடை அல்ல. பருத்தி மருந்தை உறிஞ்சித் தோலில் ஒட்டவைக்கும். மருந்தைக் கையாளும் தொழிலாளிக்கு உரிய பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது உரிமை. மருந்து அடித்த தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தால், சட்டையை வாசலிலேயே கழற்றி, பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். குடிநீர் எடுக்கும் கிணற்றிலும் வாய்க்காலிலும் அலசாதீர்கள். மாற்றிப் போட இரண்டு சட்டைகள் இருந்தால் நல்லது.

அதேபோல, கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த வேலைக்கு எந்தச் சட்டையும் பாதுகாப்பு ஆகாது.

மெஷினுக்கு வழி

தையல் தெரிந்தும் மெஷின் வாங்க முடியாத பெண்களுக்குத் தமிழக அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. பெயரைச் சொல்லி விண்ணப்பிப்பவர்களில் பலருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்காது. 1923-ல் பிறந்து 1999-ல் மறைந்த அவர், நம் சமூகத்திலிருந்து எழுந்த தலைவர். 1967-ல் அமைந்த அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றவர். ஒடுக்கப்பட்டோரின் குரல் கட்சிக்குள் கேட்கப்படவில்லை என்று 1974-ல் வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1979-ல் மத்திய அமைச்சரவையிலும் இருந்தார்.

ஆதரவற்றோர், கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் இந்த இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். தையல் கற்றதற்கான சான்று, வருமானச் சான்று, வயதுச் சான்று தேவைப்படும். திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட சமூக நலன் அலுவலகத்தில் கேட்டால் இப்போதைய விதிகளைச் சொல்வார்கள். சொந்தமாகத் தையல் கடை வைக்க நினைப்பவர்கள் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் மானியத்தோடு கூடிய கடன் பற்றிக் கேட்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள்தான் தைத்துக் கொடுக்கின்றன. அதில் உறுப்பினராகச் சேர்வதும் ஒரு வழி.

மகளிர் குழுக்கள் இன்னொன்றும் செய்யலாம். பத்துப் பேர் சேர்ந்து சின்னாளபட்டியிலோ திண்டுக்கல்லிலோ மொத்தமாகத் துணி எடுத்தால் விலை குறையும். தைக்கத் தெரிந்த இருவர் வெட்டித் தர, மற்றவர்கள் தைத்துப் பழகலாம். நன்றாகத் தைத்தால் பக்கத்து ஊர்க்காரர்களும் வாங்குவார்கள். இந்தப் பக்கம் காட்டு வேலைக்குப் போகாத ஊர் எது?

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அளவெடுப்பதும், பங்கு போடுவதும், துணியில் மிச்சம் விழாமல் துண்டுகளை அடுக்குவதும் கணக்குப் பாடம்தான். விடுமுறையில் ஒரு நாள் அம்மாவை நிற்க வைத்து அளவெடுங்கள். பெண் பிள்ளைகள்தான் தைக்க வேண்டும் என்பதும் இல்லை. திண்டுக்கல் தையல் கடைகளில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே போதும். உங்களைப் படிக்க வைக்கும் கூலி எந்த வேலையில், எந்த வெயிலில் வருகிறது என்பது அந்தத் துணியை வெட்டும்போது புரியும்.

1930-ல் சட்டையும் ரவிக்கையும் கூடாது என்று சொன்னவர்கள், எட்டுத் தடைகளில் இரண்டை நம் உடம்பின் மேல்துணிக்கே ஒதுக்கினார்கள். அந்தத் தடையை உடைக்க அடிபட்டவர்களும் குடிசையை இழந்தவர்களும் பெயர் தெரியாமல் போய்விட்டார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமையை நைந்த பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் துணியும் ஓர் உருளை நூலும் ஐந்து பட்டனும் போதும். வெளியே இரண்டு, உள்ளே ஒன்றாக மூன்று பைகளோடு, கை தூக்கினால் கிழியாத ஒரு சட்டையை நம் அளவுக்கு நாமே தைத்துப் போடுவோம்.